கேளுங்கள், சொல்கிறேன்: பொன்னேரிக்கு ஏன் போக வேண்டும்?

கேள்வி: பழவேற்காடு பக்கம் எங்கள் தாத்தாவுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அவர் காலமாகிவிட்டார். பட்டா மாற்றத்துக்குப் பொன்னேரிக்குப் போ என்கிறார்கள். மாவட்டத் தலைநகர் திருவள்ளூர்தானே? நேரே கலெக்டரைப் பார்த்தால் வேலை சீக்கிரம் முடியாதா? அந்தச் சின்ன ஊரில் என்ன இருக்கிறது?
— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் தாத்தாவின் நிலமே அங்கேதான் இருக்கிறது தம்பி, காகிதத்தில். சர்வே எண், உட்பிரிவு, புலப்படம் எல்லாம் பொன்னேரி தாலுகா அலுவலகக் கணக்கு. கலெக்டரிடம் மனு கொடுத்தாலும், அது விசாரணைக்குப் பொன்னேரி தாசில்தாருக்கு, அதாவது வட்டாட்சியருக்குத்தான் வந்து சேரும்.

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்து, எண்ணூர், மீஞ்சூர் தாண்டிப் பொன்னேரியில் இறங்கிப் பல வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். சின்ன ஊர்தான், 2021-இல்தான் பேரூராட்சியிலிருந்து நகராட்சி ஆனது. ஆனால் சார் ஆட்சியர், அதாவது தாலுகாக்கள் சேர்ந்த வருவாய்க் கோட்டத்தின் அதிகாரி, உட்காரும் ஊர். கும்மிடிப்பூண்டி தாலுகாவும் அந்தக் கோட்டத்தில்தான் வரும். 1997-இல் செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்துத் திருவள்ளூர் மாவட்டம் வந்தபோது, மேலே இருந்த தலைநகர் மாறியது. கீழே ஜனங்கள் ஏறி இறங்கும் படி மாறவில்லை. பழவேற்காட்டு மீனவர் பஸ் பிடித்தால் வந்துவிடும் ஊர் பொன்னேரி. திருவள்ளூர் வேறு ரயில் பாதை, ஒரு நாள் கூலி போய்விடும். அந்த அருமை நகரத்தில் இருக்கிறவர்களுக்குச் சட்டென்று புரியாது.

அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர் ஒருவர் இருந்தார். எழுதி முடித்ததும், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியானாலும் முழு மனுவையும் நிதானமாகப் படித்துக் காட்டுவார். "எல்லை சரியா, ஆயா? கிழக்கே யார் நிலம்?" என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் கைரேகை வாங்குவார். அந்தக் கேள்வியாலேயே தகராறு வராமல் போன மனுக்களை நான் கையில் வாங்கியிருக்கிறேன்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். தாத்தா கடைசியாகக் குடியிருந்தது தண்டையார்பேட்டை என்றால், வாரிசுச் சான்றிதழை அந்த வட்டாட்சியரிடம் வாங்க வேண்டும். இங்கேதான் பலர் அலைகிறார்கள். நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்று பதிவுத் துறை சமாச்சாரம், சார்பதிவாளரிடம் போக வேண்டும். பட்டா மாற்றத்துக்கு இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பெயர் மட்டும் மாறினால் எளிது. அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்வதானால் நில அளவர் வந்து அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும், அதற்கு நீங்கள் நேரில் போய் நிற்பதுதான் நல்லது. முதலில் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். அப்புறம் வட்டாட்சியர் அலுவலகம். உத்தரவில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடு அதே ஊரில் சார் ஆட்சியரிடம், அதற்கும் மேலே போனால்தான் திருவள்ளூரில் மாவட்ட வருவாய் அலுவலர்.

கேள்வி: ஜமாபந்தியில் பொதுமக்கள் மனு கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: தாராளமாக, அம்மா. பசலி ஆண்டு, அதாவது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு, ஜூன் மாதத்தோடு முடியும். அதையொட்டி, பெரும்பாலும் மே, ஜூனில், தாலுகா அலுவலகத்தில் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்வார்கள், அதுதான் ஜமாபந்தி. பிர்கா (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) வாரியாக நாள் ஒதுக்குவார்கள். உங்கள் கிராமத்துக்குரிய நாளில் போனால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் மூவரும் ஒரே கூடத்தில் கணக்கோடு இருப்பார்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.