டேக் என்ற சொல்லும் அதன் வாலும்

கேள்வி: டேக் ஆஃப், டேக் இன், டேக் ஆஃப்டர் என்று ஒரே வினைச்சொல் ஏகப்பட்ட பொருள் தருகிறதே, பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?

பட்டியல் வேண்டவே வேண்டாம். பத்தாவது வரிக்கு வரும்போது முதல் வரி மறந்திருக்கும். டேக்கை விட்டுவிட்டு, அதன் வாலில் தொங்கும் குட்டிச் சொல்லைப் பிடியுங்கள்.

ஆஃப் என்றால் ஒட்டியிருந்தது விலகுவது. சட்டையைக் கழற்றினாலும் டேக் ஆஃப், விமானம் தரையை விட்டுக் கிளம்பினாலும் டேக் ஆஃப். வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டால் டேக் எ டே ஆஃப். படுத்துக் கிடந்த வியாபாரம் திடீரென்று சூடுபிடித்தாலும் அதேதான், விமானத்தின் உபயம். ஒருவரைப் போலவே பேசி நடித்துக் காட்டுவதற்கும் பிரிட்டிஷ்காரர்கள் டேக் ஆஃப் என்பார்கள். இந்தப் பொருள் எப்படி வந்ததென்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்; 1755இல் வெளியான தன் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் இதைக் குறித்திருக்கிறார். வெளிநாட்டாருக்குப் பெரிய சிரமமே இந்த வகைச் சேர்க்கைதான் என்றும் அங்கேயே சொல்கிறார். சரி, நம் மீது தப்பில்லை. டீ போடு, சண்டை போடு, பூட்டுப் போடு எல்லாவற்றையும் ஒரு வெள்ளைக்காரருக்கு விளக்கிப் பாருங்கள், கணக்கு நேராகிவிடும்.

இன் என்றால் உள்ளே. தொளதொள பேண்ட்டை இடுப்பில் பிடித்துத் தைப்பது, போக்கிடம் இல்லாதவரை வீட்டில் சேர்த்துக்கொள்வது, சொன்னதை மனதில் வாங்கிக்கொள்வது எல்லாமே டேக் இன். யாரிடமாவது ஏமாந்தால் டேக்கன் இன்.

டேக் ஆஃப்டர் எனக்குப் பிடித்தது. "அப்படியே அப்பனை உரித்து வைத்திருக்கிறான்" என்கிறோமே, அதுதான் ஹி டேக்ஸ் ஆஃப்டர் ஹிஸ் ஃபாதர். அம்மா, தாத்தா, அத்தை மாதிரி மூத்த சொந்தத்துக்குத்தான் இது பொருந்தும். நண்பனைப் போல இருக்கிறான் என்பதற்கு வராது.

அப்புறம், நம்மவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது பொருளில் இல்லை, இடத்தில். டேக் ஆஃப் யுவர் ஷூஸ், டேக் யுவர் ஷூஸ் ஆஃப் இரண்டும் சரி. ஷூஸுக்குப் பதில் தெம் வந்தால் நடுவில்தான் உட்காரும்: டேக் தெம் ஆஃப். டேக் ஆஃப்டரிலோ நடுவில் யாருக்கும் இடமில்லை: டேக்ஸ் ஆஃப்டர் ஹிம், அவ்வளவுதான். மாணவர்களுக்கான நல்ல அகராதியில் சம்திங், சம்படி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். டேக் சம்திங் ஆஃப் என்று போட்டிருந்தால் பிரிக்கலாம். டேக் ஆஃப்டர் சம்படி என்று மட்டும் இருந்தால் பிரிக்கக் கூடாது.