டைமர் ஐசியும் முள் மீட்டரும்: அதிர்வெண்மானி பற்றிய கேள்வி பதில்

கேள்வி: 555 என்ற டைமர் ஐசியை வைத்து அதிர்வெண்ணை முள் மீட்டரில் காட்டுவது எப்படி, ஐயா?

பதில்: உள்ளே வரும் ஒவ்வோர் அலைக்கும் ஒரே அகலமும் ஒரே உயரமும் கொண்ட ஒரு துடிப்பை உண்டாக்கினால், அத்துடிப்புகளின் சராசரி மின்னழுத்தம் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் இருக்கும், மூவிங் காயில் மீட்டர் (சுருள் அசைந்து முள்ளை நகர்த்தும் மீட்டர்) காட்டுவது அந்தச் சராசரியைத்தான். முதல் டைமரின் 2, 6 ஆம் கால்களை ஒன்றாக இணைத்து ஷ்மிட் டிரிகராக்குங்கள்; அது வரும் அலையைச் சதுர அலையாக்கும். இரண்டாவது டைமர் மோனோஸ்டேபிளாக, அதாவது ஒவ்வொரு தூண்டலுக்கும் (டிரிகர்) ஒரே ஒரு துடிப்பைத் தருவதாக, இயங்கும். ரெசிஸ்டர் மதிப்பையும் கப்பாசிட்டர் மதிப்பையும் பெருக்கி, 1.1 ஆல் மீண்டும் பெருக்கினால் துடிப்பின் அகலம் கிடைக்கும். 6.8 கிலோ ஓமும் 0.1 மைக்ரோ பேரட்டும் சுமார் 0.75 மில்லி விநாடி தரும். 1000 ஹெர்ட்ஸ் முழு அளவுக்கு அது பொருத்தம். மின்வழங்கலை 7805 என்ற 5 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி கொண்டு நிலைப்படுத்த மறவாதீர்கள். அகலம் மின்வழங்கலைச் சார்ந்ததன்று. உயரம் முற்றிலும் அதைச் சார்ந்தது.

கேள்வி: இரண்டும் சாதாரண 555 தான், 5 வோல்ட் மின்வழங்கல். சில வேளை முள் எழுகிறது, சில வேளை அசைவதே இல்லை.

பதில்: இது பலரும் தவறவிடும் இடம். இரண்டாவது டைமரின் 2 ஆம் கால் மின்வழங்கலில் மூன்றில் ஒரு பங்குக்கும், அதாவது 1.67 வோல்ட்டுக்கும், கீழே இறங்கினால்தான் டிரிகர் ஆகும். சாதாரண 555 இன் வெளியீடு 5 வோல்ட் வரை ஏறாமல் ஏறத்தாழ 3.6 வோல்ட்டில் நின்றுவிடுவதால், அது விழும்போது சிறு கப்பாசிட்டர் வழியே இரண்டாவது டைமருக்குச் செல்லும் துடிப்பும் அந்த அளவே, 5 இலிருந்து சுமார் 1.4 வோல்ட் வரை, இறங்குகிறது. எல்லையைத் தொட்டும் தொடாமலும் அது மீண்டு விடுகிறது. முதல் டைமருக்கு மட்டும் சிமாஸ் வகையான 7555 ஐப் போடுங்கள். அதன் வெளியீடு கிட்டத்தட்ட முழு 5 வோல்ட்டும் ஊசலாடும். 1 நானோ பேரட், 10 கிலோ ஓம் இணைப்பில் டிரிகர் துடிப்பு சுமார் 4 மைக்ரோ விநாடி நீடிக்கும். இது போதும்.

கேள்வி: 9 வோல்ட் பேட்டரியில் நேற்று சரியாகக் காட்டியது, இன்று குறைத்துக் காட்டுகிறது.

பதில்: 7805 போடுங்கள்.

கேள்வி: ஆர்டுயினோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகையில் சில வரி நிரலில் முடிகிற வேலைக்கு இவ்வளவு பாகங்கள் எதற்கு?

பதில்: ஜெனரேட்டரின் அதிர்வெண் 48க்கும் 52 ஹெர்ட்ஸுக்கும் இடையே அலைவதை முள் ஒரே பார்வையில் காட்டிவிடும், மாறிக்கொண்டே இருக்கும் எண்களைப் படித்து அதை உணர்வது கடினம். மேலும், ஒரு விநாடி எண்ணும் கருவி 50 ஹெர்ட்ஸில் ஒன்று கூடவோ குறையவோ காட்டினாலே 2 விழுக்காடு பிழை.

கேள்வி: அலையின் கால அளவை அளந்தால் அந்தப் பிழை வராதே?

பதில்: வராது, உண்மைதான். துல்லியம் வேண்டுவோர் அதையே செய்யட்டும். நான் வாதிடுவது முள்ளின் அசைவுக்காக. நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினில் நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் விநாடிக்கு 100 தீப்பொறி. அதைத் துடிப்பாக்கிச் சராசரி எடுத்துத்தான் பழைய மின்னணு டாக்கோமீட்டர்கள் (எஞ்சின் சுற்று வேகத்தைக் காட்டுபவை) முள்ளை நகர்த்தின. ஓட்டுநருக்குத் தேவை கடைசி இலக்கமன்று, முள் எந்தப் பக்கம் போகிறது என்பதே. தொடக்கநிலை மாணவர் இதைக் கட்டும்போது மின்சுற்றின் ஒவ்வொரு படியையும் தொட்டறிகிறார். அது சிறிய பயனன்று.

கேள்வி: 1400 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 700 காட்டுகிறது.

பதில்: துடிப்பு 0.75 மில்லி விநாடி; அலையோ 0.71 மில்லி விநாடிக்கு ஒருமுறை வருகிறது. முந்தைய துடிப்பு முடியும் முன் வரும் டிரிகரை மோனோஸ்டேபிள் ஏற்காது. ஆகவே ஒன்றுவிட்டு ஒன்றுதான் பதிவாகிறது. மீட்டர் எவ்விதத் தயக்கமுமின்றிப் பொய் சொல்லும் என்பதால், எப்போதும் பெரிய அளவிலிருந்து கீழே இறங்கி வாருங்கள்.

கேள்வி: கப்பாசிட்டர் செராமிக் போடலாமா?

பதில்: கூடாது, வெப்பத்தில் மதிப்பு மாறும். பாலியெஸ்டர் போடுங்கள்.

கேள்வி: பேட்டரி மாற்றியதும் அளவு மாறிவிட்டது, ஏன்?

பதில்: முதல் பதிலையும் மூன்றாம் பதிலையும் படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: அளவு திருத்த, வீட்டு மின்சாரத்தை நேரடியாக உள்ளீட்டில் கொடுக்கலாமா?

பதில்: ஒருபோதும் கூடாது, உயிருக்கே ஆபத்து. 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக எடுத்து, பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்கு (மாறுமின்னோட்டத்தை ஒரே திசையாக்கும் நான்கு டையோடுகள்) பின் கப்பாசிட்டர் இல்லாமல், சிறு சுமை ரெசிஸ்டருடன் விட்டால் 100 ஹெர்ட்ஸ் கிடைக்கும். இந்திய மின்கட்டமைப்பின் அதிர்வெண் பெரும்பாலும் 49.90க்கும் 50.05க்கும் இடையே இருப்பதால், முள் மீட்டருக்கு அந்தத் துல்லியம் தாராளம். முதலில் 100 ஹெர்ட்ஸ் அளவுக்கு 1 மைக்ரோ பேரட் போட்டு, பிரீசெட்டை (திருகி மதிப்பை மாற்றக்கூடிய சிறு ரெசிஸ்டர்) திருகி முள்ளை முழு அளவில் நிறுத்துங்கள்.