தாத்தாவோட ரெண்டாள் ரம்பம் எந்தக் கம்பெனி, எந்தக் காலம்?

தேவிபட்டினத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: தாத்தா வத்தை (மீன்பிடிப் படகு) கட்டுன கொட்டகைய பிரிச்சப்போ அஞ்சரை அடி நீளத்துல, ரெண்டு முனையிலயும் கைப்பிடி மாட்டுற ஓட்டையோட ஒரு பெரிய ரம்பம் கெடச்சுதாம், முழுக்க துரு, பேரு எதுவும் தெரியல, எந்தக் கம்பெனி எவ்ளோ பழசுனு எப்படி கண்டுபிடிக்கிறது, இல்ல எடைக்குப் போட்றவானு.

எடைக்குப் போட்றாதீங்க தம்பி. பட்டறைல குடுத்து துருவ எடுக்கவும் வேணாம். கம்பெனி பேரு பெரும்பாலும் ஆசிட் வச்சு மேலாப்புல அரிச்சு எழுதுனதுதான், ஆழமே இருக்காது, கிரைண்டர்ல வயர் பிரஷ் மாட்டி ஒரு ஓட்டு ஓட்டுனா அதோட போச்சு. பல்லையும் யாரையும் அரம் போட விடாதீங்க, கொல்லர்கிட்ட குடுத்து நெருப்புல காட்டவே கூடாது, இரும்போட பதம் போயிரும்.

பேரைத் தேடுறதுக்கு முன்னாடி பல்லைப் பாருங்க, எனக்கு அதுதான் பெரிய சாட்சி. வத்தை கட்டுன எடம்ங்கறதால இது பலகை போடுற ரம்பமாவும் இருக்கலாம். பல்லு எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சு, தகடும் ஒரு முனை அகலமா மறுமுனை ஒடுங்கி இருந்தா, மேல ஒருத்தர் கீழ குழிக்குள்ள ஒருத்தர் நின்னு நீளவாக்குல அறுத்தது. குறுக்க அறுக்குறதுல ரெண்டு பேரு இழுப்பும் வெட்டணும்ல, அதனால பல்லு எந்தப் பக்கமும் சாயாம நேரா நிக்கும். வெறும் முக்கோணப் பல்லா வரிசையா இருந்தா அது ரொம்ப பழைய மாடல், ஆனா பின்னாடியும் செஞ்சிருக்காங்க, அத மட்டும் வச்சு வயசு சொல்ல முடியாது. ரெண்டோ நாலோ கூர்ப்பல்லுக்கு ஒருக்கா நுனி பிளந்த ஒரு பல்லு வந்தா, கிட்டத்துல வச்சுப் பாருங்க, அது மத்ததவிட மயிரளவு குட்டையா இருக்கும். கூர்ப்பல்லு ரெண்டு ஓரமும் மரத்தோட நார கீறிட்டுப் போகும், குட்டைப்பல்லு நடுவுல நிக்கிறத உளி மாதிரி சீவி வெளிய தள்ளும். இந்த அமைப்பு பரவலா வந்தது 19ஆம் நூற்றாண்டுக் கடைசிலதான்.

ரம்பத்தோட முதுகு, அதாவது பல்லுக்கு எதிர் ஓரம், உள்வாங்கி வளைஞ்சிருந்தா நிக்கிற மரத்த சாய்க்கிறது, நேரா கனமா இருந்தா கீழ கெடக்குற மரத்த துண்டு போடுறது. வெர்னியர் (கனம் அளக்குற கருவி) இருந்தா பல்லுகிட்டயும் முதுகுகிட்டயும் கனம் பாருங்க, முதுகு மெலிசா இருந்தா நல்ல கம்பெனி சரக்குனு நம்பலாம்.

இப்ப பேரு. மண்ணெண்ணெய் தடவி ஒரு ராத்திரி விடுங்க, 400 நம்பர் வாட்டர் பேப்பர (உப்புத்தாள் மாதிரி தேய்க்கிற தாள்) தட்டையான கட்டைல சுத்தி, தகட்டு நடுப்பகுதில இருந்து ஆரம்பிச்சு மெதுவா ஒரே போக்குல தேய்ங்க, வெறும் விரல்ல தேய்ச்சா பள்ளத்துல எறங்கி எழுத்தையும் கொண்டுபோயிரும். கருப்பா எழுத்து தெரிய ஆரம்பிச்ச ஒடனே நிறுத்திட்டு காலை வெயில் சாய்வா விழுறப்போ போட்டோ எடுங்க.

ஸ்பியர் அண்ட் ஜாக்சன்னா இங்கிலாந்து ஷெஃபீல்டு, 1760ல ஆரம்பிச்சது. டிஸ்டன்னா அமெரிக்கா பிலடெல்பியா, 1840. சைமண்ட்ஸும் அமெரிக்காதான், மாசசூசெட்ஸ், 1832. மீனும் தூண்டிலும் முத்திரையா இருந்தா ஸ்வீடன் சாண்ட்விக். இதெல்லாம் கம்பெனி ஆரம்பிச்ச வருசம், உங்க ரம்பத்தோட வயசு இல்ல, நெறைய பேரு இதுலதான் ஏமாறுறாங்க. டிஸ்டன் பேரோட, அத வாங்குன ஹெச்.கே. போர்ட்டர் கம்பெனி பேரும் சேர்ந்திருந்தா 1955க்கு அப்புறம், மேற்கு ஜெர்மனினு இருந்தா 1949க்கும் 1990க்கும் நடுவுல. வித்த கடைக்காரங்க தங்க பேரப் போட்டதும் உண்டு, அதனால கெடச்ச பேர பழைய கேட்டலாக் ஸ்கேன்ல இருக்குற பல்லு படத்தோட ஒத்துப் பாருங்க.

விரிசல் பாக்க பல்லோட அடிப்பள்ளத்துல மண்ணெண்ணெய் தடவி, நல்லா தொடச்சு, சாக்பீஸ் தூள் தூவுங்க, விரிசல் இருந்தா கோடா ஊறி வரும். அப்பறம் எண்ணெய் பூசி வைங்க, நம்ம கடக்காத்துக்கு ரெண்டு நாள் போதும் மறுபடி துரு ஏற. ரெண்டு முனை, நடு, ஒரு அடி நீளத்துக்கு பல்லு, பக்கத்துல ஸ்கேல் வச்சு போட்டோ அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன்.