ஓட்டு வீட்டு இறவானம் இத்துப்போச்சு, கடன் வாங்கலாமா?

கேள்வி: நாகர்கோவிலில் அப்பா கட்டிய ஓட்டு வீட்டை மாதம் ரூ.6,000 வாடகைக்கு விட்டிருக்கிறேன், நான் இருப்பது சென்னையில். கூரை விளிம்பில் இருக்கும் இறவானப் பலகை இத்துப்போய், மழைநீரை வாங்கும் தகரப் பாத்தி வழிந்து சுவரெல்லாம் ஈரம். ஆசாரி ரூ.38,000-இல் சரிசெய்யலாம் என்கிறார். இன்னொருவர் ஓட்டுக்கு மேலேயே ஷீட் போட ரூ.1,80,000 கேட்கிறார். கையில் ரூ.70,000 எஃப்.டி. மட்டும்தான். பெர்சனல் லோன் எடுத்து ஷீட் போட்டுவிடலாமா, சார்?

பதில்: வேண்டாம். 14% வட்டியில் மூன்று வருடத்துக்கு அந்த லோனை எடுத்தால் மாதம் ரூ.6,150 கட்ட வேண்டும், அதாவது வாடகை முழுக்கப் போய் அதற்கு மேலும் கையிலிருந்து போடுவீர்கள், வட்டி மட்டும் ரூ.41,000 தாண்டும். அது ஆசாரி கேட்கும் மொத்தத் தொகையை விட அதிகம்.

ஷீட் போட்டாலும் விளிம்பில் தண்ணீர் வடியத்தான் வேண்டும். 600 சதுர அடிக் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் சுமார் 2,800 லிட்டர் இறங்கும். பலா இலையும் தென்னம்பூவும் பாத்தியை அடைத்திருந்தால் அது பின்பக்கமாக வழிந்து ஓட்டைத் தாங்கும் கைமரத்தின் நுனியை நனைக்கும், நனைந்த மரம் உளுத்துப் போகும், கரையான் ஏறும், அப்புறம் ஓடு சரியும். உங்கள் ஊருக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை என்பதால் மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் ஆள் விட்டு இலையை வாரிவிட்டாலே இந்தச் செலவில் பெரும்பகுதி வராது.

சரி, ரூ.38,000-க்கு என்ன வழி? எஃப்.டி.யை உடைக்காதீர்கள், அதன் மேலேயே வங்கியில் கடன் கேளுங்கள். எஃப்.டி. வட்டியை விட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும். 9% என்று வைத்தாலும், வாடகையை அப்படியே கட்டி வந்தால் ஏழு மாதத்தில் முடிந்துவிடும், வட்டி ஆயிரத்துச் சொச்சம். வாடகைக்காரர் கொடுத்த அட்வான்ஸில் மட்டும் கை வைக்காதீர்கள், அது திருப்பித் தர வேண்டிய பணம்.

வருமான வரி விஷயத்தில் நிறையப் பேர் குழம்புவது இங்கேதான். வாடகை வருமானத்தில், நீங்கள் கட்டிய வீட்டு வரி போக மிச்சத்தில் 30% கழிவு கிடைக்கும், பழைய முறையிலும் புதிய முறையிலும். நீங்கள் பராமரிப்புக்கு ஒரு பைசா செலவழிக்காவிட்டாலும் அது உண்டு, லட்ச ரூபாய் செலவழித்தாலும் அதற்கு மேல் கிடையாது. ஆகவே ஆசாரி பில்லைக் காட்டித் தனியாக எதுவும் கழிக்க முடியாது. என் யோசனை, அந்த 30%-ஐ நிஜமாகவே வீட்டுக்கு ஒதுக்குங்கள். ரூ.6,000-இல் ரூ.1,800, கடன் முடிந்த மாதத்திலிருந்து வங்கியில் மாதாமாதம் கட்டும் 12 மாத ஆர்.டி. போட்டால் வருடத்துக்கு ரூ.21,600-உம் வட்டியும் சேரும். தபால் நிலைய ஆர்.டி. ஐந்து வருடம் என்பதால் இதற்குச் சரிவராது.

வீட்டுக் காப்பீடு எடுத்தால் இதற்கெல்லாம் பணம் வரும் என்றும் எண்ண வேண்டாம். புயலில் ஓடு பறந்தால் கேட்கலாம், வருடக்கணக்கில் கசிந்து இத்துப்போன மரத்துக்குக் கேட்க முடியாது. புயல் வரும் ஊர்தானே, எடுத்து வைப்பது நல்லதுதான்.

வாடகைக்காரரையே ஏறி இலையை வாரச் சொல்லிக் கூலியை மிச்சம் பிடிக்காதீர்கள், தயவுசெய்து. பாசி பிடித்த ஓடு வழுக்கும், பழைய வீடுகளில் மின்கம்பி இறவானத்தை ஒட்டியே வரும். தெரிந்த ஆளுக்குக் கூலி கொடுத்துச் செய்யுங்கள்.

ஆசாரியிடம் மரத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். ஐயாயிரமாவது நிறுத்தி வைத்து, பாத்தியின் மேட்டு முனையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, அது எங்கும் தேங்காமல் குழாய் வழியாக இறங்குவதைப் பார்த்த பிறகு கொடுங்கள்.