மாமா சொல்லும் மின்வாகனப் படிப்பும் மகள் வைத்திருந்த செம்பு ஆணியும்

சென்ற வாரம் மகளோடு வந்திருந்த அம்மாவுக்கு,

நீங்கள் கிளம்பிப் போன பிறகும் உங்கள் முகம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அந்தக் கல்லூரியின் பளபளப்பான விளக்க ஏட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "இனிமே எல்லாம் எலெக்ட்ரிக் வண்டிதான்னு என் தம்பி சொல்றான். இந்த வருஷம் விட்டா சீட் கிடைக்காதாம். வீட்டை வச்சாவது சேத்துடுவோம்ங்கறான்" என்றீர்கள். பெண்ணின் எதிர்காலம் கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதமாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பினால் நான் தவறு செய்தவன் ஆவேன். அந்த 'மின்வாகனப் பொறியியல்' இளநிலைப் படிப்புக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

உங்கள் தம்பி சொல்வதில் பாதி உண்மை. நார்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் கார்கள். மாற்றம் வருகிறது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது நேர்கோட்டில் வருவதில்லை. ஜெர்மனி 2023 டிசம்பரில் மின்சாரக் கார் மானியத்தை நிறுத்துவதாக ஒரு சனிக்கிழமை அறிவித்து, மறுநாளோடு விண்ணப்பங்களை மூடியது. அடுத்த ஆண்டு அங்கே மின்சாரக் கார் விற்பனை கால்பங்குக்கும் மேல் சரிந்தது. அமெரிக்காவின் 7,500 டாலர் வரிச்சலுகை 2025 செப்டம்பர் 30உடன் முடிந்துபோனது. ஸ்வீடனின் நார்த்வோல்ட் என்ற பேட்டரி நிறுவனத்துக்கு முதலீடு கொட்டியது. ஆனாலும் திட்டமிட்ட அளவுக்கு உற்பத்தியை உயர்த்த முடியாமல் 2025 மார்ச்சில் திவாலானது. இப்படி ஆடிக்கொண்டிருக்கும் சந்தையில், ஒரு பொருளின் பெயரையே பட்டத்தின் பெயராக வைத்திருக்கும் படிப்பில் நான்கு வருடத்தையும் ஒரு வீட்டையும் போடச் சொல்கிறார்கள்.

அந்தப் பாடத்திட்டத்தை வரி வரியாகப் படித்தேன். மோட்டாரில் கொஞ்சம், பேட்டரியில் கொஞ்சம், கட்டுப்பாட்டு மின்னணுவியலில் கொஞ்சம். எதிலும் ஆழம் இல்லை. மின்னியலோ எந்திரவியலோ ஒழுங்காகப் படித்தவர் சில மாதப் பயிற்சியில் அந்த வேலைக்குத் தயாராகிவிடுவார். அந்த வழிகளைப் பற்றிச் சொல்ல உங்களைச் சுற்றிப் பத்துப்பேர் இருக்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை.

அன்று நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் தன் நோட்டைப் பிரித்து வைத்திருந்தாள். மயில்துத்தக் கரைசலில், அதாவது காப்பர் சல்பேட் கரைசலில், இரும்பு ஆணியைப் போட்டு, அதன்மேல் செம்பு படிவதைப் பதினோரு நாள் எடை பார்த்து எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு நாளும் கரைசலின் நிறத்தை நீல வண்ணப் பென்சிலால் தீட்டி வைத்திருக்கிறாள். கடைசிக் கட்டத்தில் ஏறக்குறைய நிறமே இல்லை. ஓரத்தில் ஒரு கேள்வி: "செம்பு எல்லாம் வந்துவிட்டதா, உள்ளே இன்னும் மிச்சம் இருக்கிறதா?" அம்மா, உலகத்தில் பெரிய பெரிய அரசாங்கங்கள் இன்று பேட்டரி விஷயத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு மின்சாரக் காருக்குச் சாதாரணக் காரைப்போல ஆறு மடங்கு கனிமங்கள் தேவை என்கிறது பன்னாட்டு எரிசக்தி முகமை. பேட்டரிக்குப் பயன்படும் கோபால்ட்டில் ஏறக்குறைய எழுபது சதவீதம் காங்கோ ஜனநாயகக் குடியரசு என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது. எங்கே தோண்டினாலும் சுத்திகரிப்பில் பெரும்பகுதி சீனாவில்தான் நடக்கிறது. இந்தோனேசியா 2020இல் நிக்கல் தாதுவை அப்படியே ஏற்றுமதி செய்யத் தடை போட்டது. சீனா 2023 டிசம்பர் முதல் கிராஃபைட் ஏற்றுமதிக்கு அனுமதிமுறை கொண்டுவந்தது. சரி, புதிதாகச் சுரங்கம் தோண்டலாமே என்றால், கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்து முதல் டன்னை எடுக்கப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிடுகிறது. அதனால் எல்லோர் பார்வையும் ஏற்கெனவே வெட்டியெடுத்த உலோகத்தின் மேல், அதாவது பழைய பேட்டரிகளின் மேல் திரும்பியிருக்கிறது.

அந்த உலோகத்தை மீட்டெடுக்கத் தெரிந்தவர்கள் உலோகவியல் பொறியாளர்கள். அதிலும் கரைசல்வழி உலோகவியல், ஹைட்ரோமெட்டலர்ஜி என்று ஒரு பிரிவு இருக்கிறது. உறவினர் வீட்டு விசேஷங்களில் யாரும் பேசாத பெயர். அதனாலேயே அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பழைய பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தை முதலில் வடிப்பார்கள். பிறகு நைட்ரஜன் சூழலில் துண்டு துண்டாக அரைப்பார்கள், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். உள்ளே இருக்கும் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்ற கொடிய வாயு வரும். அதைப் பிடித்து நடுநிலையாக்கத் தெரிந்தவர்தான் அங்கே பொறுப்பில் இருக்க வேண்டும். செம்புத்தகடு, அலுமினியத்தகடு, பிளாஸ்டிக் எல்லாம் பிரிந்த பிறகு மிஞ்சுவது ஒரு கரும்பொடி. தொழிலில் பிளாக் மாஸ் என்பார்கள். கிராஃபைட், லித்தியம், நிக்கல், கோபால்ட், மாங்கனீசு எல்லாம் அதற்குள் கலந்து கிடக்கின்றன.

அதைக் கந்தக அமிலத்தில் போட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்துக் கரைக்கிறார்கள். கிராஃபைட் கரையாமல் நின்றுவிடும், வடிகட்டலாம். அமிலத்தன்மையைப் படிப்படியாகக் குறைத்தால் இரும்பும் அலுமினியமும் வீழ்படிவாக இறங்கும். அப்புறம் வருவதுதான் அழகு. கோபால்ட்டை மட்டும் பற்றிக்கொள்ளும் ஒரு வேதிப்பொருளை, மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் கலந்து கரைசலோடு கலக்குகிறார்கள். கொஞ்ச நேரம் அசையாமல் விட்டால் இரண்டு அடுக்காகப் பிரியும். மேலே எண்ணெய், கோபால்ட்டைச் சுமந்துகொண்டு ஆழ்ந்த நீலத்தில். கீழே நிக்கல் கரைசல், பச்சையாக. ஓர் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவையில் இதைப் பார்த்தபோது நான் அப்படியே நின்றுவிட்டேன். கடைசியில் லித்தியம். சோடியம் கார்பனேட் சேர்த்துக் கிட்டத்தட்டக் கொதிநிலைக்குச் சூடாக்குவார்கள். பல உப்புகள் சூட்டில் கூடுதலாகக் கரையும். லித்தியம் கார்பனேட் சூடேற ஏறக் குறைவாகக் கரையும். அதனால் சூட்டிலேயே வெள்ளைப் பொடியாகக் கிடைத்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டப்படி, 2027 முடிவுக்குள் பழைய பேட்டரியிலிருந்து கோபால்ட், நிக்கல், செம்பில் 90 சதவீதமும் லித்தியத்தில் 50 சதவீதமும் மீட்க வேண்டும். 2031 முடிவுக்குள் அது 95 ஆகவும் 80 ஆகவும் உயர வேண்டும். புதிய மின்சாரக் கார் பேட்டரியில் குறிப்பிட்ட பங்கு மறுசுழற்சி உலோகம் இருந்தாக வேண்டும் என்ற விதியும் 2031இல் வருகிறது. மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து காட்டுபவர் இல்லாமல் இந்தக் கணக்கு எதையும் யாரும் நிரூபிக்க முடியாது. உங்கள் மகள் நோட்டின் ஓரத்தில் எழுதிய கேள்வி அங்கே சட்டமாகவே நிற்கிறது.

இதிலும் மேடு பள்ளம் உண்டு, மறைக்க மாட்டேன். 2022 இறுதியில் உச்சத்தில் இருந்த லித்தியம் விலை அடுத்த இரண்டு ஆண்டுகளில் பெருமளவு விழுந்தது, மறுசுழற்சி செய்பவர்கள் திணறினார்கள். நிக்கலும் கோபால்ட்டும் இல்லாத இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் பெருகிவருகின்றன. அவற்றிலிருந்து மீட்பதில் வருமானம் குறைவு. ஆனால் உலோகவியல் படித்தவருக்குப் பேட்டரி ஒரு வாசல்தான். செம்பு, துத்தநாகம், அருமண் உலோகங்கள், மின்னணுக் கழிவு என எல்லாவற்றிலும் இதே அமிலம், இதே பிரிப்பு, இதே கணக்கு. கார் விற்காத வருடத்திலும் அவளுக்கு வேலை இருக்கும்.

கல்லூரி பார்க்கப் போகும்போது பெயரைப் பார்க்காதீர்கள், ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பல உலோகவியல் துறைகள் எஃகோடு நின்றுவிடுகின்றன. கரைத்தல், கரைப்பான்வழிப் பிரிப்பு, மின்னாற்பகுப்பு இந்த மூன்றும் மாணவர்கள் கையால் செய்கிறார்களா என்று கேளுங்கள். கடைசி ஆண்டு மாணவர்களின் ஆய்வுப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். உலோகவியல் இடம் கிடைக்கவில்லையா, நல்ல அரசுக் கல்லூரியில் வேதியியல் இளநிலை படித்துவிட்டு முதுநிலையில் இந்தப் பக்கம் வரலாம். அது இரண்டாந்தரமான வழி இல்லை.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் வேலையின் சம்பளத்தில் குடும்பச் செலவையும் பார்த்துக்கொண்டு எத்தனை வருடத்தில் கடன் அடையும் என்று உங்கள் தம்பியையே காகிதத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். விளக்க ஏட்டில் இருக்கும் உச்சபட்சச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட விடாதீர்கள், அது ஒருவருக்குக் கிடைத்தது. சென்ற ஆண்டு வெளியே போன மாணவர்களில் நடுவில் நிற்பவரின் சம்பளத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

"பொம்பளப் பிள்ளை, அமிலம், ஆலை, இரவு ஷிஃப்ட், எதுக்கு இதெல்லாம்" என்று மாமா சொன்னதாகவும் சொன்னீர்கள். அமிலத்தோடு வேலை செய்வதில் ஆபத்து உண்டு, அது ஆண்களுக்கும் உண்டு. அதற்குக் கையுறை, கண்ணாடி, வாயு உறிஞ்சும் அறை, ஒழுங்கான பயிற்சி எல்லாம் இருக்கின்றன. பதினோரு நாள் ஒரு நாள்கூட விடாமல் ஆணியை எடை பார்த்த பெண்ணிடம் அந்த ஒழுங்கு ஏற்கெனவே இருக்கிறது. விருப்பம் இருக்கிறதா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும், அன்று அவளை ஒரு வார்த்தை பேச நாம் விடவில்லை.

முன்பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றீர்கள். கட்ட வேண்டாம். புதன்கிழமை மாலை மகளோடு வாருங்கள், தம்பியையும் அழைத்து வாருங்கள். அவள் அந்த நோட்டையும் ஆணியையும் கொண்டு வரட்டும். முதல் அரை மணி நேரம் அவள் மட்டும் பேசட்டும்.