கவுண்டி எல்லை: கல்லா, காகிதமா?

போன் வரைபடம் என் வீட்டைப் பக்கத்துக் கவுண்டியில் காட்டுகிறது. வரி ரசீது வேறு சொல்கிறது. எதை நம்புவது? (கேரி, வட கரோலினா)

இப்போதைக்கு ரசீதை. ஆனால் சட்டப்படி பார்த்தால் இரண்டுமே எல்லை ஆகாது. சென்சஸ் பீரோகூடத் தன் கோடுகள் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே என்று சொல்லிவிட்டுத்தான் வெளியிடுகிறது. கவுண்டியை (நம்மூர் மாவட்டம் மாதிரி) உருவாக்கி மாநிலச் சட்டமன்றம் போட்ட சட்டத்தில் உள்ள வாசகம்தான் எல்லை.

சட்டத்திலேயே இருந்தால் அப்புறம் ஏன் தகராறு?

வாசகம் அப்படியே இருக்கும், அது சொல்லும் மரமும் ஓடையும் இருக்காதே! 1849-இல் ஆரஞ்சு கவுண்டியிலிருந்து அலமன்ஸைப் பிரித்தார்கள். கோடு சரியாக எங்கே ஓடுகிறது என்ற குழப்பம் தீர, 2010-க்குப் பிறகு சட்டமன்றம் தனிச் சட்டங்களே போட வேண்டியிருந்தது.

வட கரோலினாவில் எல்லை தெளிவில்லை என்றால் இரு கவுண்டிகளும் சேர்ந்து அளக்கச் சொல்லலாம். மாநில அரசின் நில அளவைத் துறையான ஜியோடெடிக் சர்வே உதவும். பழைய பத்திரங்களைப் புரட்டி, "கவுண்டி கோட்டை ஒட்டி" என்று எழுதியிருக்கும் நிலங்களைப் பிடித்து, அவற்றின் மூலைக்கல்லைப் புதருக்குள் தேடுவார்கள். கிடைத்த கல் அந்தக் காலத்ததா, பின்னால் யாரோ வேலிக்கு நட்டதா என்று முடிவு செய்வதில்தான் பாதி வேலை. பிறகு இரு கவுண்டி வாரியங்களும் ஒப்புக்கொண்டு, வரைபடத்தைப் பத்திரப்பதிவு அலுவலகங்களில் பதிவார்கள். இது இருக்கிற எல்லையைக் கண்டுபிடிக்கும் வழி. நகர்த்த வேண்டுமென்றால் சட்டமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

அயோவா கவுண்டிகள் கட்டம் போட்டதுபோல இருக்கின்றன. நடுவில் ஏன் கோடு விலகுகிறது?

1785 நிலச் சட்டப்படி ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அங்கே பல கவுண்டிகள் 16 டவுன்ஷிப் கொண்டவை. வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கும், அதனால் இடையிடையே திருத்தக் கோடு போட்டுப் புதிதாக அளந்தார்கள். விலகல் அந்த இடங்களில்தான். அளந்தது 66 அடிச் சங்கிலியால். நம்மூர் பழைய எஃப்.எம்.பி.யில் (புல அளவைப் புத்தகம்) 'லிங்க்ஸ்' என்று வருமே, அது இதே சங்கிலியின் கண்ணிகள்தான்.

ஜிபிஎஸ் வைத்துப் பழைய தப்பையெல்லாம் திருத்திவிடலாமே?

முடியாது, கூடவும் கூடாது என்பேன். முதல் சர்வேயில் நட்டு, எல்லாரும் ஏற்றுக்கொண்ட கல்தான் எல்லை. நான்கு மாநிலங்களும் நான்கு கவுண்டிகளும் சந்திக்கும் ஃபோர் கார்னர்ஸ் கல், நினைத்த இடத்துக்கு ஏறத்தாழ 1,800 அடி கிழக்கே நிற்கிறது. இருந்தாலும் மூலை அதுதான். நியூ மெக்சிகோ–கொலராடோ வழக்கில் 1925-இல் உச்ச நீதிமன்றமும் பழைய சர்வே கோட்டையே நிலைநிறுத்தியது.

ஆறு இடம் மாறினால்?

கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தால் எல்லையும் கூடவே போகும். ஒரே வெள்ளத்தில் தாவினால் பழைய தடத்திலேயே நிற்கும். 1877-இல் மிசூரி ஆறு அப்படித் தாவியது. 1892 தீர்ப்பின் பலனாக, ஆற்றுக்கு மேற்கே நெப்ராஸ்காவின் ஒமாஹாவை ஒட்டிக் கிடக்கும் கார்ட்டர் லேக் ஊர் இன்றும் அயோவாவின் பாட்டவாட்டமி கவுண்டி. கவுண்டி தலைநகர் அக்கரையில்!

தோட்டத்தில் இடைஞ்சலாக ஒரு பழைய எல்லைக்கல். எடுத்துவிடலாமா?

தொடாதீர்கள். வட கரோலினாவில் அது குற்றம். சுற்றிலும் பூச்செடி வைத்துக்கொள்ளுங்கள்.