அடிபட்டவரின் சம்பளம் யார் கணக்கில்?

அமெரிக்காவின் என்.எஃப்.எல். ஃபுட்பால் ஆட்டக்காரர்கள் அடிபட்டு வெளியே இருக்கும்போது அவர்கள் சம்பளத்தை அணிகள் எப்படிக் கணக்கு வைக்கின்றன என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கேள்வி: அடிபட்டவர் சம்பளம் உச்சவரம்பிலிருந்து (ஓர் அணி ஒரு வருடத்தில் ஆட்டக்காரர்களுக்குச் செலவிடக்கூடிய அதிகபட்சத் தொகை) கழிந்துவிடும்தானே?

கழியாது. 2025இல் ஒரு அணியின் உச்சவரம்பு 279.2 மில்லியன் டாலர். காயப் பட்டியலுக்கு, அதாவது அடிபட்டு ஆட முடியாதவர்களின் தனிப் பட்டியலுக்குப் போனவரின் சம்பளமும் அதற்குள்தான் அடங்க வேண்டும். அணியின் 53 பேர் ஆட்டக்காரர் பட்டியலில் அவர் இடம் காலியாகும், அவ்வளவுதான். பதிலுக்கு வருகிறவரின் சம்பளம் அதன்மேல் ஏறும். 2023 செப்டம்பர் 11 அன்று ஜெட்ஸ் அணிக்காக இறங்கிய ஆரன் ராட்ஜர்ஸ் நாலாவது ஆட்டத்துணுக்கிலேயே (பந்தை எடுத்து ஆடும் ஒவ்வொரு சிறு முயற்சியும் ஒரு துணுக்கு) குதிகால் தசைநாண் அறுந்து வெளியேறினார். அந்தப் பருவம் முழுவதும் அவர் தொகை அணியின் கணக்கிலேயே இருந்தது. அதனால்தான் கெட்டிக்கார அணிகள் பருவம் தொடங்கும்போதே உச்சவரம்பில் கொஞ்சம் இடம் விட்டு வைக்கின்றன. மிஞ்சினால் அடுத்த வருடத்துக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.

கேள்வி: அவரை நீக்கிவிட்டால் சுமை தீராதா?

தீராது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது தரும் போனஸைப் பணமாக முன்பே கொடுத்திருந்தாலும், கணக்கில் அதிகபட்சம் 5 வருடங்களுக்குப் பிரித்து எழுதுவார்கள். நீக்கினால் இன்னும் எழுதாத மீதி மொத்தமும் ஒரேயடியாகக் கணக்கில் வந்து விழும். வாஷிங்டன் அணியின் அலெக்ஸ் ஸ்மித்துக்கு 2018 நவம்பரில் கால் முறிந்தது. 2019இல் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அந்த வருடக் கணக்கில் அவர் பெயரில் 20 மில்லியன் டாலருக்கு மேல் நின்றது.

கேள்வி: எல்லாருக்கும் முழுச் சம்பளம் உண்டா?

இல்லை, இதுதான் எனக்கு மனசு கஷ்டமான இடம். அணியில் இடம் உறுதியில்லாத இளம் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தத்தில் இரட்டைச் சம்பள விதி இருக்கும்: ஆடும் வாரத்துக்கு ஒரு தொகை, காயப் பட்டியலில் இருந்தால் குறைந்த தொகை. 2023 ஜனவரி 2 அன்று களத்திலேயே இதயம் நின்றுபோன பஃபலோ அணியின் டாமர் ஹாம்லினுக்கு அப்படித்தான் இருந்தது. வருடத்துக்கு 8,25,000 டாலர் என்பது 4,55,000 டாலர் விகிதத்துக்கு இறங்கும். பருவச் சம்பளம் 18 வாரத் தவணை என்பதால், மிச்சமிருந்த ஒரே வாரத்துக்கே 20,000 டாலருக்கு மேல் நஷ்டம். கடைசியில் லீக்கும் வீரர் சங்கமும் பேசி முழுத் தொகையும் கிடைக்கச் செய்தார்கள். உலகமே பார்த்த விபத்து அது. யாரும் பார்க்காமல் அடிபடுகிற பையனுக்கு ஒப்பந்தத்தில் எழுதியதுதான் கிடைக்கும். இந்த விதியை ஒழிக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: பயிற்சி முகாமில் அடிபட்டவர்களைச் சமரசம் பேசி அனுப்புகிறார்களே, அது என்ன?

குணமாக எத்தனை வாரம் ஆகும் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டு, அத்தனை வாரச் சம்பளம் கொடுத்துப் பிரிவது. 6 வாரம் என்றால் 18இல் 6 பங்கு. அதுவும் உச்சவரம்பில் சேரும். அப்புறம் அவர் வேறு அணியில் சேரலாம். காயத்தோடு சும்மா நீக்கினால் அவர் முறையீடு செய்வார், நடுநிலை மருத்துவர் பரிசோதிப்பார்.

கேள்வி: வீட்டில் பைக்கிலிருந்து விழுந்தால்?

அது ஆட்டத்துக்கு வெளியே பட்ட காயம். சம்பளம் கொடுக்க அணிக்குக் கட்டாயமில்லை.

கேள்வி: ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வரும் போனஸ்?

அன்றைய ஆடும் பட்டியலில் பெயர் இருந்தால்தான் கிடைக்கும். போன வருடம் 10 ஆட்டத்தில் இருந்தவருக்கு, இந்த வருடம் 10 ஆட்டத் தொகையை முதலிலேயே கணக்கில் ஏற்றுவார்கள். 11ஆவது ஆட்டத்திலிருந்து இறங்க இறங்கச் சேரும். அடிபட்டு 4 ஆட்டத்தோடு நின்றால், 6 ஆட்டத் தொகை அணியின் கணக்குக்குத் திரும்பும்.